ஒரே பொண்ணு, மூணு விதமான எழுத்து: வாக்கிய அமைப்புக்கு மார்க் எப்படி போடறது?

எழுத்தாணி:
வணக்கம் எல்லாருக்கும். ஒன்பதாவதுக்கு தமிழ் எடுக்கறேன். பசங்ககிட்ட மூணு விதமா எழுதி வாங்கிருக்கேன், ஒரு கதை, ஒரு சோதனைய எப்படி செஞ்சோம்ங்கற விளக்கம், அப்புறம் ஒரு கருத்த ஆதரிச்சோ மறுத்தோ ஒரு கட்டுரை. ஒரு பொண்ணு கதைல சின்னச் சின்ன வாக்கியமா சரளமா எழுதறா, அதே பொண்ணு கட்டுரைன்னு வந்தா ஒரு வாக்கியம் அஞ்சு வரி போகுது, எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கம் நிக்குது. எங்க மதிப்பீட்டுத் தாள்ல வாக்கிய அமைப்புக்கு 5 மார்க், மூணுக்கும் ஒரே அளவுகோல், கலவை வாக்கியம் நிறைய இருந்தா கூடுதல் மார்க், தனி வாக்கியமாவே இருந்தா குறைவு. அப்படிப் பாத்தா அவளோட அருமையான கதைக்கு 2, சிக்கலான கட்டுரைக்கு 4 போடணும். மனசு ஒப்பல. இதப் பத்தி யாராவது படிச்சிருக்கீங்களா?

நெடுங்கணக்கு:
உங்களுக்குத் தோணுறது சரிதாங்க. இங்கிலீஷ்ல இத ரொம்ப நாளா அளந்து பாத்துட்டு இருக்காங்க. 1965ல கெல்லாக் ஹன்ட்னு ஒருத்தர் டி-யூனிட்னு ஒரு அளவு கொண்டுவந்தார், அதாவது ஒரு முதன்மை வாக்கியம் ப்ளஸ் அதோட ஒட்டிக்கிட்டு, தனியா நிக்க முடியாம இருக்கற சார்பு வாக்கியங்கள் எல்லாம் சேத்து ஒரு யூனிட். புள்ளி வைக்கத் தெரியாத குழந்தைங்க எழுதுனதையும் அளக்கலாம்ங்கறதுதான் அதுல வசதி. நாலாவது படிக்கறவங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு சராசரி 8.6 வார்த்தை, எட்டாவதுக்கு 11.5, பன்னெண்டாவதுக்கு 14.4ன்னு வந்துச்சு. இதப் பாத்துட்டு வயசு ஏற ஏற வாக்கியம் நீளுது, அப்ப நீளம்னா வளர்ச்சின்னு நிறைய பேர் எடுத்துக்கிட்டாங்க. ஆனா 1979ல கிரௌஹர்ஸ்ட், பிஷேன்னு ரெண்டு பேர் ஒரே பசங்கள கதை, வர்ணனை, வாதம்னு எழுத வச்சுப் பாத்தாங்க, வாதம்தான் வாக்கியத்த நீட்டுது. பையன் அதே பையன்தான், வேலைதான் வேற.

காரணமும் புரியுதில்ல? வாதம்னா காரணம் சொல்லணும், நிபந்தனை வைக்கணும், எதிராளி சொல்றத கொஞ்சம் ஒத்துக்கிட்டு மறுக்கணும், இதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வந்துதான் ஆகணும். கதைல "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு போனாப் போதும். அதோட கதைல உரையாடல் வருது, "வா", "முடியாது"ன்னு ரெண்டு பேர் பேசிட்டாலே சராசரி தடால்னு இறங்கிடும்.

கல்வெட்டு:
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். தமிழ்ல நீளத்த நம்பவே கூடாது, ஏன்னா நமக்கு வினையெச்சம் இருக்கு. "கதவத் திறந்து உள்ள போய் விளக்கப் போட்டுச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி ஓடி வந்தான்", இதுல வினைமுற்று ஒண்ணே ஒண்ணுதான், அதனால டி-யூனிட் கணக்குல இது ஒரு பெரிய யூனிட். ஆனா உள்ள என்ன இருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நடந்தத வரிசையாச் சொல்லிருக்கு, அவ்ளோதான், சின்னப் பிள்ளைங்க கூட மூச்சு விடாம இப்படிப் பேசும். "கரண்ட் இல்லன்னு தெரிஞ்சும் அவன் சுவிட்சப் போட்டதுக்குக் காரணம் பயம்" இது அதவிடச் சின்னது, ஆனா ஒரு முரண், ஒரு காரணம், ரெண்டையும் தாங்குது. மார்க் இதுக்குத்தான் போகணும்.

அப்புறம் அந்தச் சோதனை விளக்கம், அத யாரும் கண்டுக்கல. அங்க சிக்கல் சார்பு வாக்கியத்துல இருக்காது, பெயர்த்தொடர்ல, அதாவது ஒரு பெயர்ச்சொல்லச் சுத்திக் கட்டுன சொற்கூட்டத்துல போய் உக்காந்துக்கும். "தண்ணியச் சூடாக்குனா வெப்பநிலை உயருது"ன்னு எழுதறவன் கொஞ்ச நாள்ல "வெப்பநிலை உயர்வின் வேகம் நீரின் அளவைப் பொறுத்தது"ன்னு எழுதுவான். ஒரு முழு நிகழ்ச்சியே "உயர்வு"ங்கற ஒரே பெயருக்குள்ள அடங்கிடுச்சு. இலக்கணப்படி பாத்தா ரெண்டாவது தனி வாக்கியம், உங்க தாள்படி அதுக்குக் குறைவான மார்க்! இங்கிலீஷ்லயும் இதே கதைதான், 2011ல டக்ளஸ் பைபரும் அவர்கூட வேலை பாத்தவங்களும் சொன்னாங்க, சார்பு வாக்கியம் அடுக்கறது பேச்சோட குணம், ஆய்வு எழுத்தோட குணம் பெயர்த்தொடர் அடர்த்தி, அதனால ஒண்ண மட்டும் வச்சு மாணவர் எழுத்த அளக்காதீங்கன்னு.

எழுத்தாணி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பெயர்த்தொடர் விஷயத்த நான் யோசிக்கவே இல்ல, இப்ப அந்தத் தாள்களத் திரும்ப எடுத்துப் பாத்தா ரெண்டு மூணு பேர் அப்படித்தான் எழுதிருக்காங்க. சரி, அந்த அஞ்சு வரி வாக்கியத்த என்ன செய்யறது, சின்னதா உடைன்னு சொல்லிடலாமா?

நெடுங்கணக்கு:
உடனே உடைக்கச் சொல்லாதீங்க மேடம். புது வகையான வாதத்தப் பிடிக்கப் போகும்போதுதான் பிள்ளைங்களுக்கு வாக்கியம் சரியும், அவ பெருசா ஏதோ சொல்ல வரான்னு அர்த்தம். வினைமுற்றுக்கு அடியில ஒரு கோடு போடச் சொல்லுங்க, யாரு செஞ்சதுன்னு எழுவாய வட்டம் போடச் சொல்லுங்க, ரெண்டும் பொருந்தலன்னா அவளே கண்டுபிடிச்சிடுவா. அதுக்கப்புறம் எங்க வெட்டணும்னு அவளே முடிவு பண்ணட்டும். ஆனா சார்பு வாக்கியத்த அடுக்குனதுக்காக மட்டும் மார்க் குடுத்துடாதீங்க, 2009ல பியர்ஸ், நேகின்னு ரெண்டு பேர் நடுநிலைப் பள்ளிப் பசங்களோட எழுத்தப் பாத்தப்போ, கதைல சார்பு வாக்கியம் கூடக் கூட தரமும் கூடியே இருந்துச்சு, கட்டுரைல நேர் எதிர், அது கூடுனப்போ தரம் குறைஞ்சே இருந்துச்சு.

கல்வெட்டு:
மதிப்பீட்டுத் தாள மாத்த உங்களுக்கு அனுமதி இருந்தா அந்த 5 மார்க்க அப்படியே வச்சுக்கிட்டு வரையறைய மட்டும் மூணா எழுதுங்க, கதைக்கு வேகமும் நிதானமும் இடத்துக்குத் தக்க மாறுதா, விளக்கத்துக்கு பெயர்த்தொடர் தெளிவா இருக்கா, வாதத்துக்கு காரணமும் மறுப்பும் எது எதோட சேருதுன்னு புரியுதான்னு. அனுமதி இல்லன்னா மார்க்கு பக்கத்துல ஒரு வரி குறிப்பு எழுதிக் குடுங்க, அந்தப் பொண்ணு கதைல சின்ன வாக்கியம் எழுதறத விட்டுடக் கூடாது.