பட்டர் ஃப்ரூட் ஜூஸ் கசக்குது, எங்க தப்பு? அவசர உதவி

மல்லிகைப்பந்தல்:
பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) ஜூஸ் ரெண்டு தடவை போட்டாச்சு, ரெண்டு தடவையும் கசப்பு. ஆயுர்வேதப்படி ஐஸ் இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை. குடிச்சா வயிறு கல்லு மாதிரி கிடக்கு. நாளைக்கு மாமியாருக்குக் கொடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஏலக்காய்த்தூள்:
பாலா, தண்ணியா? இனிப்புக்கு என்ன போட்டீங்க? எந்த நேரத்துல குடிச்சீங்க? பழம் எவ்வளவு கனிஞ்சிருந்துச்சு? இதெல்லாம் சொன்னாதான் பிடிபடும்.

கீழ்மலை:
பழம் கனியலை, அவ்வளவுதான். நம்ம பழனி மலைப் பழம் பல ரகம் கனிஞ்ச பிறகும் பச்சையாவே இருக்கும், நிறத்தை நம்பக்கூடாது. காம்புப் பக்கம் பெருவிரலால மெதுவா அழுத்துங்க, லேசா அமுங்கணும். காதுகிட்ட வெச்சு ஆட்டினா சில ரகத்துல கொட்டை குலுங்கும். காயா இருந்தா ஒரு வாழைப்பழத்தோட செய்தித்தாள்ல சுத்தி ரெண்டு மூணு நாள் வெளியில வைங்க. கனியாததை ஃபிரிட்ஜ்ல வெச்சா சரியா பழுக்காது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தோட டி.கே.டி.1 ரகமா, வெளிநாட்டு கறுப்புத் தோல் ரகமா?

அடுப்படி:
கொட்டையை ஒட்டியிருக்கிற பழுப்புத் தோல் சதையோட சேர்ந்து அரைபட்டிருக்கும். அது துவர்ப்பும் கசப்பும். வெளித்தோல் வரைக்கும் சுரண்டவும் கூடாது.

வாகடம்:
"ஆயுர்வேதப்படி" என்று எழுதும் முன் கொஞ்சம் படித்துவிட்டு வருவது நல்லது. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் பழம். சரகர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் இதற்கு இடமே இல்லை. குணத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: கனம், நெய்ப்பு, குளிர்ச்சி, இனிப்பு. வாத, பித்த உடம்புக்கு ஒத்துவரும். கபத்தை ஏற்றும், மந்தாக்கினி, அதாவது செரிமான சக்தி குறைவு, உள்ளவருக்குச் சுமை. ஐஸை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதுவது?

மல்லிகைப்பந்தல்:
பழம் மெத்துனுதான் இருந்துச்சு. பச்சைப்பால் ஆகாதேன்னு காய்ச்சி சுடச்சுட ஊத்தி அடிச்சேன். 2 ஸ்பூன் தேன், அரை மூடி எலுமிச்சை, கெட்டியா வர ஒரு வாழைப்பழம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

ஏலக்காய்த்தூள்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தோழி! சூடான பால்தான் கசப்புக்குக் காரணம். இந்தச் சதை சூடு பட்டா கசக்கும். மிக்சியை விடாம ரெண்டு நிமிஷம் ஓட்டினாலும் சூடேறும். எலுமிச்சை பாலைத் திரிக்கும். பாலும் புளிப்பும், பாலும் வாழைப்பழமும் சரகர் சொல்ற விருத்த ஆகாரம், அதாவது ஒண்ணா சேர்த்துச் சாப்பிடக் கூடாதது. தேனைச் சூட்டுல சேர்க்கவே கூடாது. வயித்து மந்தத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல குடிச்சதே போதும்.

இப்படிச் செய்ங்க: கனிஞ்ச சதை 100 கிராம். காய்ச்சி முழுசா ஆறின பால் 150 மில்லி, தண்ணி 100 மில்லி. பொடிச்ச பனங்கற்கண்டு 2 டீஸ்பூன், சுக்குத்தூள் கால் டீஸ்பூன், ஒரு ஏலக்காய். முதல்ல சதையைக் கரண்டியால மசிச்சுக்கோங்க, அப்புறம் மிக்சியில நிறுத்தி நிறுத்தி 20 விநாடி அடிச்சா போதும். காலை 11 மணி வாக்குல, பசி எடுத்த பிறகு தனியா குடிக்கணும். போட்ட உடனே குடிச்சிடணும், வெச்சா காத்து பட்டு பழுப்பாகும்.

கபம் சேர்ற உடம்புன்னா பாலே வேண்டாம். 60 கிராம் சதை, 200 மில்லி வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணி, வறுத்த சீரகத்தூள், மிளகு, இந்துப்பு, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இதுல எலுமிச்சை நல்லது, நிறமும் சீக்கிரம் மாறாது.

சதுரகிரி:
பாலும் வாழைப்பழமும் ஆகாதா? ஊரே மில்க் ஷேக் குடிக்குது. பழனி பஞ்சாமிர்தத்துல வாழைப்பழம், தேன், நெய் எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?

வாகடம்:
பழனி பஞ்சாமிர்தத்தில் பால் கிடையாது. தேனும் நெய்யும் சம எடையில் சேர்ந்தால்தான் விருத்தம். அதில் நெய் கொஞ்சமே. பாலுடன் ஆகாதவை என்று சரகர் தம் நூலின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியில் 26ஆம் அத்தியாயத்தில் சொல்லும் பட்டியலில் வாழை உண்டு.

சதுரகிரி:
அதே பட்டியல்ல மாம்பழமும் இருக்கே? பாவப்பிரகாசம்ங்கிற ஆயுர்வேத நூல் பாலோட மாம்பழத்தைப் புகழுதே, அதுக்கு என்ன சொல்றீங்க ஐயா?

வாகடம்:
புளிப்பு மாங்காய் வேறு, நன்கு கனிந்த இனிப்பு மாம்பழம் வேறு. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

அடுப்படி:
மாமியாருக்குச் சிறுநீரகத் தொந்தரவு இருக்கான்னு யாருமே கேக்கலையே. 100 கிராம் சதையில சுமார் 480 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா டாக்டரைக் கேக்காம கொடுக்காதீங்க. ரப்பர் கையுறை பட்டா அரிப்பு வர்றவங்களுக்கும் இந்தப் பழம் ஒத்துக்காம போகலாம்.

மல்லிகைப்பந்தல்:
சிறுநீரகப் பிரச்சினை இல்லை, கேட்டுட்டேன். ஆறின பால், பனங்கற்கண்டு, சுக்கு. கசப்பு துளி இல்லை. அத்தை அரை டம்ளர் குடிச்சாங்க. நன்றி.

கீழ்மலை:
எந்த ரகம்னு சொல்லலையேம்மா.