பழைய போர் ஜெட் மீண்டும் பறந்த கதைகள்: பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வல்கன் பித்தன்

நண்பர்களே, 2015 கோடையில் பிரிட்டனில் ஒரு விமானக் கண்காட்சியில் அவ்ரோ வல்கன் விமானத்தை (அதன் பதிவு எண் எக்ஸ்எச்558) பார்த்தேன். அது பறந்த கடைசி ஆண்டு. எஞ்சின் விசை உச்சத்தை நெருங்கும்போது காற்று உள்ளே போகும் வாயிலிருந்து ஒரு ஊளை எழும் பாருங்கள், யூடியூபில் கேட்பதெல்லாம் அதில் கால்பங்கு கூட இல்லை.

1960-இல் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த குண்டுவீச்சு விமானம். 1993-இல் விற்றுவிட்டார்கள். அப்புறம் 2007 அக்டோபர் 18 வரை தரையில்தான் கிடந்தது. அத்தனை வருடம் கிடந்ததை எப்படி எழுப்பினார்கள்? ஸ்பானர் பிடிக்கும் பக்கத்திலிருந்து யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். வல்கன்தான் என்று இல்லை, எந்த ஜெட்டானாலும் சரி.

ரிவெட்

விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வைத்திருக்கிறேன், இங்கிலாந்தில் பயணிகள் விமானங்களில் வேலை. வல்கனில் நான் கை வைத்ததில்லை. ஆனால் இங்கிலாந்தில் புருன்டிங்தார்ப் விமானத்தளத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகை) அதைப் பிரித்துப் போட்டிருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த ஒருவரின் பழக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, எண்ணெய் மாற்றினால் கிளம்பிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் போன அன்று விமானம் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பேனல்களைக் கழற்றிய எலும்புக்கூடு ஒன்று, சுற்றிலும் அடுக்கடுக்காக அலமாரி, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டு. உலோகம் ஓரளவு தாங்கியிருந்தது. எக்ஸ்ரேயும் எடி கரன்ட்டும் (உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டிச் சோதிப்பது) வைத்து விரிசல் தேடலாம், கிடைத்தால் வெட்டி மாற்றலாம். படுத்துவது ரப்பர்தான். ஹைட்ராலிக் சீல்கள், குழாய்கள், எரிபொருள் பைகள் (வல்கனுக்கு 14 டேங்க்) எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகி இறுகிப்போகும். எங்கள் வேலையில் ஒரு சீல் வேண்டுமென்றால் எண்ணைத் தட்டினால் போதும், மறுநாள் சான்றிதழோடு வந்துவிடும். அங்கே அதைச் செய்த கம்பெனியே இருக்காது. பழைய வரைபடத்தைத் தேடி எடுக்க வேண்டும், அதே அளவில் செய்து தர ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், 'இது பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட ஒருவரைப் பிடிப்பது.

என்னைக் கேட்டால் முழு வேலையும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. வல்கன் மாதிரி சிக்கலான விமானத்துக்கு, வடிவமைப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனங்கள் பின்னால் நிற்காமல் பிரிட்டனின் சிவில் விமானத் துறை பறக்கும் பெர்மிட் கொடுக்காது. மார்ஷல் ஏரோஸ்பேஸ், பிஏஇ சிஸ்டம்ஸ், ரோல்ஸ் ராய்ஸ் மூன்றும் சம்மதித்ததால்தான் வேலையே தொடங்கியது.

பணக் கதை தனி. 2004-இல் லாட்டரி நிதியிலிருந்து கிட்டத்தட்ட 27 லட்சம் பவுண்டு கிடைத்தது. அது பாதி வழிக்குக் கூடப் போதவில்லை. 2006-இல் இழுத்து மூடும் நிலைக்கு வந்தபோது சர் ஜாக் ஹேவர்ட் என்ற தொழிலதிபர் 5 லட்சம் பவுண்டு கொடுத்துக் காப்பாற்றினார். மற்றதெல்லாம் பொதுமக்கள் பத்தும் இருபதுமாக அனுப்பியது.

வல்கன் பித்தன்

ரிவெட் அண்ணா, அப்படியானால் 2015-இல் ஏன் நிறுத்தினார்கள்? நன்றாகத்தானே பறந்தது?

ரிவெட்

நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தியதுதான் விஷயம். அந்த மூன்று நிறுவனங்களும் இனித் தொடர முடியாது என்றன. இவ்வளவு பழைய எந்திரத்தை நேரில் அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போகும்போது எத்தனை வருடம்தான் பொறுப்பேற்பார்கள்? 2015 அக்டோபர் 28 கடைசிப் பறப்பு. ரசிகர்கள் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. தெரியாத ஒன்றுக்கு நானும் கையெழுத்துப் போடமாட்டேன்.

எஞ்சினும் ஒரு காரணம். புதிதாக ஓவர்ஹால் செய்து, 1980-களின் தொடக்கத்தில் பொதி கட்டி வைத்த ஒலிம்பஸ் எஞ்சின்களை (வல்கனின் எஞ்சின் வகை) நம்பித்தான் இந்தத் திட்டமே. அதை இனி யாரும் தயாரிக்கப் போவதில்லை. 2012 மே மாதம் டான்காஸ்டர் விமான நிலைய ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது, ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் பைகள் எஞ்சினுக்குள் போய்விட்டன. அந்த எஞ்சின் உடைந்து, அதன் சிதறல் பக்கத்து எஞ்சினையும் முடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு போனது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஹேங்கரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களிடமும் அதே மாதிரிப் பைகள் இருந்தன, போய் எண்ணிப் பார்த்தோம்.

பழைய ஏர்மேன்

தம்பிகளா, நான் இந்திய விமானப்படையில் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் போர் ஜெட்டுக்கு எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, மகள் இருக்கும் இங்கிலாந்துக்குப் போனபோது, தனியார் ஒருவர் பறக்கும் நிலையில் வைத்திருந்த ஹண்டர் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வேலியைத் தாண்டி ஆவ்பின் (எஞ்சினைக் கிளப்பும் திரவம்) வாசனை வந்தது, கால் தானாக ஒரு அடி பின்னால் போய்விட்டது.

தெரியாதவர்களுக்கு: ஹண்டர் எஃப்6-இன் ஏவான் எஞ்சினைச் சுழற்றிவிட ஐசோபுரோப்பைல் நைட்ரேட் என்ற திரவம். அதைத்தான் ஆவ்பின் என்போம். எரிய அதற்குக் காற்றே வேண்டாம். ஸ்டார்ட்டர் ஒரு கத்து கத்தும், சில நொடியில் எஞ்சின் வேகமெடுத்துவிடும். ஒருமுறை பிடிக்கவில்லை என்றால், எரியாத திரவம் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்க்காமல் மறுபடி பட்டனில் கை வைக்கமாட்டோம். அங்கே இருந்த பையன்களிடம் இதைச் சொன்னேன். "தெரியும் சார், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் உங்களை மாதிரி ஆள்தான்" என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி.

ஆனாலும் நான் சந்தோஷமாகத் திரும்பி வரவில்லை. எஜெக்‌ஷன் சீட்டுக்குள் (ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை) இருப்பது வெடிமருந்து. அதற்கு ஆயுள் தேதி உண்டு. பணியில் இருந்தபோது தேதி தாண்டிய கார்ட்ரிட்ஜோடு (அந்த வெடிமருந்துக் குப்பி) ஒரு விமானமும் லைனைத் தாண்டாது. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தில் ஷோரம் விமானக் கண்காட்சியில் ஒரு ஹண்டர் சாலையில் விழுந்து 11 பேர் செத்தார்கள். வானத்தில் வளையம் போடும்போது உயரமும் வேகமும் போதாததுதான் காரணம், விமானத்தின் மேல் பழி இல்லை. ஆனால் விசாரணையில் சீட்டுக் கார்ட்ரிட்ஜ்கள் ஆயுள் கடந்தவை என்றும் தெரிய வந்தது. படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. எரிகிற இடத்துக்கு ஓடி வரும் தீயணைப்பு ஆளை நினைத்துப் பாருங்கள். இவற்றை மியூசியத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தால் போதும் என்பது என் கட்சி.

வடகாற்று

ஐயா, மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். நான் சுவீடனில் இருக்கிறேன். இங்கே பழைய போர் ஜெட்களைப் பறக்கவிட சுவீடன் விமானப்படை வரலாற்றுப் பறப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் சாப் விக்கன் என்ற சுவீடன் போர் ஜெட் ஒன்றை 2012-இல் மறுபடி பறக்கவிட்டார்கள். அது இறங்கியதை நேரில் பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பிவிடுகிறது, கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, லாரி ரிவர்ஸ் எடுப்பது போலப் பின்னால் நகர்ந்தது! போர் வந்தால் நெடுஞ்சாலையிலேயே இறங்கி ஏற வேண்டும் என்று வடிவமைத்த விமானம்.

வல்கனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் காலம்தான். விக்கன் படைப் பணியிலிருந்து விலகியதே 2000-களில். அதைப் பராமரித்த கைகள் இன்னும் இருக்கின்றன. நான் பேசிய ஒருவர் அதே விமான வகையில் இளவயதில் வேலை பார்த்தவர், கையேட்டைத் திறக்காமலே, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு சொல்கிறார் (அப்புறம் திறந்தும் பார்க்கிறார்). எஞ்சினும் பயணிகள் விமான எஞ்சின் ஒன்றிலிருந்து, பிராட் அண்ட் விட்னி ஜேடி8டி-யிலிருந்து, உருவாக்கியது. நினைவு அழியும் முன்னால் தொடங்கினால் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பசை வாளி

என் அனுபவம் சின்னது. டி ஹாவிலண்ட் வாம்பயர் என்ற பழைய போர் ஜெட் ஒன்றின் பழுதுபார்ப்பில் கொஞ்சக் காலம் உதவினேன். நான் தச்சன், விமானக்காரன் இல்லை. ஜெட்டுக்குத் தச்சன் எதற்கு என்று கேட்காதீர்கள்: வாம்பயரின் முன்னுடல் பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிளைவுட் ஒட்டியது! விமானி உட்காருவதே மரக்கூட்டுக்குள். ஈரமானியை வைத்து வைத்து அளப்போம், நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்போம். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மந்தமாக வரும். அங்கே திறந்தால் பெரும்பாலும் தண்ணீர் புகுந்த கறை. இறக்கையும் வாலும் உலோகம், அந்தப் பக்கம் என்னை விடவே இல்லை.

ரிவெட்

ஏர்மேன் சார் சொன்ன பயம் நியாயமானது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் லைட்னிங் என்ற பழைய போர் ஜெட்டுக்கு பிரிட்டனில் பெர்மிட் கிடைக்கவே இல்லை. தென்னாப்பிரிக்காவில் பறந்தது. 2009 நவம்பர் 14 அன்று ஓவர்பெர்க் கண்காட்சியில் ஒன்றில் தீப்பிடித்தது. விமானி குதிக்கப் பார்த்தார், தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி (கனோப்பி) கழலவில்லை, இறந்துபோனார். அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. விக்கனுக்கு ஒரு கணக்கு, வல்கனுக்கு ஒரு கணக்கு, லைட்னிங்குக்கு வேறு.

வல்கன் பித்தன்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: அந்த ஊளையை இனி எங்கேயாவது நேரில் கேட்க முடியுமா?

ரிவெட்

558-இல் முடியாது. அது இருக்கும் டான்காஸ்டர் விமான நிலையத்தையே 2022-இல் மூடிவிட்டார்கள். ஆனால் இங்கிலாந்திலேயே வெல்ஸ்போர்னில் எக்ஸ்எம்655, சவுத்எண்டில் எக்ஸ்எல்426 என்று இரண்டு வல்கன்களைத் தன்னார்வலர்கள் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். பறக்காது, ஓடுதளத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். தரையை விடாத வரை பறக்கும் பெர்மிட் தேவையில்லையே. போகும் முன் அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஒவ்வொரு வருடமும் ஓட்டம் நடக்கும் என்று சொல்ல முடியாது.