இருங்காட்டுக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்ததில்: 718 கேமனும் எம்2-வும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் பெங்களூரு நண்பர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். ஆனால் வாரம் முழுவதும் நகரத்தில் ஓட்டிவிட்டு, அதே காரில் பந்தயத் தடத்துக்குப் போய், அதே காரில் வீடு திரும்ப விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது எடையையும் பிரேக்கையும் பற்றித்தான் என்பது என் உறுதியான கருத்து. என்னுடையது 2 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட போர்ஷே 718 கேமன். நண்பருடையது 2023-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்2. இரண்டும் ஆட்டோமேட்டிக். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

கேமனில் 300 குதிரைத்திறன், எம்2-வில் 460. எடையைப் பார்த்தால் கேமன் சுமார் 1,350 கிலோ, எம்2 சுமார் 1,700 கிலோ. அதாவது எம்2 எப்போதும் ஐந்து பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுவது போல. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. அங்கே தெரிவது உட்காரும் உயரம்தான்: பக்கத்தில் பிஎம்டிசி நகரப் பேருந்து வந்து நின்றால் கேமனில் என் கண்ணுக்கு நேரே அதன் சக்கரத்து நட்டுகள் இருக்கும். எம்2-வில் பின்னிருக்கை உண்டு, சுற்றிலும் நன்றாகப் பார்க்க முடியும், அலுவலகம் போய்வர அலுப்பே இல்லை. உயரமான வேகத்தடை வந்தால் இரண்டையும் குறுக்காகத்தான் ஏற்றி இறக்குகிறோம்.

ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் வகுத்த உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தை இரண்டு கார்களும் மிக எளிதாக எட்டிவிடும் என்பதால், சாலையில் எது வேகமானது என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் தடம் மட்டும்தான் என்பதை இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நேர்பாதையில் எம்2 எளிதாக விலகிப் போய்விடும். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் இழுவைக்குக் கேமனிடம் பதில் இல்லை. வளைவுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. கேமனின் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருப்பதால் எடை காரின் நடுவில் குவிந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே முன்பக்கம் உள்ளே திரும்பிவிடுகிறது, அடுத்தடுத்து இடமும் வலமுமாக வரும் வளைவுகளில் அது தயங்குவதே இல்லை. எம்2-வில் ஒரு நொடி பொறுத்து, எடை ஒரு பக்கம் சாய்ந்து நிலைபெற்ற பிறகுதான் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டவருக்கு அதுவும் பெரிய இன்பம்தான்.

அன்று உடன் வந்த இன்னொருவரின் கனமான காரில் சில சுற்றுகளுக்குள் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகத் தொடங்கியது. தடத்தோரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து நின்றபோது சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வீசியது. அவர் உடனே ஹேண்ட்பிரேக்கை இழுக்கப் போனார். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஓடி வந்து, "தம்பி, ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க" என்றார். சக்கரத்தோடு சுழலும் சூடான டிஸ்க்கை, அதைப் பிடித்து நிறுத்தும் பேட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

பெடல் ஏன் அப்படிப் போனது என்பதையும் அவரே விளக்கினார். காரை நிறுத்தும்போது அதன் வேகம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும், எடை கால் பங்கு கூடினால் வெப்பமும் கால் பங்கு கூடும். பெடலின் அழுத்தத்தை பேடுக்குக் கடத்தும் திரவம்தான் பிரேக் ஃப்ளூயிட். அதில் டாட் 4 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். கொதித்தால் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் கால் அழுத்தத்தில் நசுங்குமே தவிர, அந்த அழுத்தத்தை பேடுக்குக் கடத்தாது. நகரப் போக்குவரத்தில் பிரேக் இந்த அளவுக்குச் சூடாவதில்லை என்பதால், பழைய ஃப்ளூயிட் ஆண்டுக்கணக்கில் குறை காட்டாமலே இருந்துவிடும்.

ஆகவே எந்தக் காராக இருந்தாலும் தடத்துக்குப் புறப்படும் முன் ஃப்ளூயிட்டை மாற்றுங்கள். ஓட்டம் முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். டயர் சூடேறக் காற்றழுத்தம் உயரும் என்பதால் தடத்தில் கொஞ்சம் காற்றைக் குறைத்திருப்போம். அங்கே குறைத்த காற்றை, டயர் ஆறிய பிறகு, நெடுஞ்சாலை ஏறும் முன் மீண்டும் நிரப்ப வேண்டும். டயரில் ஒட்டிய ரப்பர் துணுக்குகள் உதிரும் வரை காஞ்சிபுரம் பக்கம் தடதடவென்று சத்தம் கேட்கும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஒரே காரில் இரண்டு வேலையும் வேண்டும், இரண்டே பேர்தான் பயணம் என்றால் என் தேர்வு கேமன்தான். எடை குறைவு என்பதால் பிரேக்கும் டயரும் அதில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கின்றன. நண்பரோ எம்2-வை விடுவதாக இல்லை. அவருடைய மகளுக்குப் பின்னிருக்கை வேண்டும். பேடுகளை மட்டும் அதிக வெப்பம் தாங்கும் வகைக்கு மாற்றியிருக்கிறார். காலைக் குளிரில் அவை கொஞ்சம் கிறீச்சிடுகின்றன என்கிறார்.