பெரியவீடு குடும்பம் குரூப்: சித்தப்பாவுக்கு ஸ்கேன்

சனிக்கிழமை

[காலை 7.12] பிரேமா சித்தி: உங்க சித்தப்பாவுக்கு ரெண்டு நாளா இடது கால்ல செருப்பு நிக்க மாட்டேங்கு. கழண்டு விழுந்தது தெரியாம வெறுங்காலோட கடைத்தெரு வரைக்கும் போயிட்டாவ. சட்டைப் பட்டனும் மேல கீழ மாத்திப் போடுதாவ.

[7.15] செல்வி அத்தை: தம்பிக்கு 72 ஆகுதுல்லா பிரேமா. எங்க அப்பாவும் கடைசில இப்படித்தான் இருந்தாவ. வல்லாரை அரைச்சுக் குடு.

[7.21] மாரி மாமா: கால் இழுத்தா ஸ்ட்ரோக்தான். டிஸ்பிரின் கரைச்சு உடனே குடுக்கணும்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. இருங்க, அனுப்புதேன்.

[7.22] மாரி மாமா: (பலமுறை பகிரப்பட்டது) 🚨 உயிர் காக்கும் தகவல் 🚨 10 பேருக்கு அனுப்பவும்

[7.24] தேவிகா அக்கா: மாமா, முதல்ல அதை அழிங்க. சித்தி, எந்த மாத்திரையும் குடுக்காதீங்க. அடைப்பா ரத்தக்கசிவான்னு ஸ்கேன் எடுக்காம எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான். கசிவா இருந்தா அது இன்னும் கெடுத்துரும்.

[7.25] தேவிகா அக்கா: தலைவலி உண்டா? பகல்ல தூங்குதாங்களா? ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள தலையில எங்கயாச்சும் இடிச்சாங்களா?

[7.31] பிரேமா சித்தி: தைலம் தேய்ச்சுக்கிட்டேதான் இருக்காவ. காலைச் சாப்பாடு முடிஞ்சதும் தூக்கம். இடிச்சதுன்னா, தீபாவளிக்கு முந்தி மோட்டார் ரூம் நிலையில நங்குன்னு இடிச்சாவ. ரத்தம்கூட வரல. லேசா வீங்கி அடங்கிருச்சு.

[7.32] தேவிகா அக்கா: இதயத்துல ஸ்டென்ட் வச்சதுக்கு, ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் இன்னும் ஓடுதா?

[7.33] பிரேமா சித்தி: ஒருநாள் தவறாம.

[7.35] தேவிகா அக்கா: இப்பவே கிளம்புங்க. தலைக்கு சி.டி. ஸ்கேன். இன்னைக்கு மாத்திரை எதுனாலும் டாக்டர் சொன்ன பிறகு. பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் கையில இருக்கட்டும். இட்லி காபி வேண்டாம். பைக்ல உக்கார வைக்காதீங்க, கார் பிடிங்க.

[7.36] பாலா: அக்கா, நான் சென்னையிலேருந்து கிளம்புறேன்.

[10.48] பிரேமா சித்தி: (ஸ்கேன் ரிப்போர்ட் படம்)

[10.55] தேவிகா அக்கா: பாத்துட்டேன். வலது பக்கம் சப்டியூரல் ஹீமடோமா, அதாவது ரத்தம் தேங்கி நிக்குது, நாள்பட்டது. வலது பக்க மூளைதான் இடது கை காலை ஆட்டுறது. அதான் இடது செருப்பு. மூளை நடுக்கோட்டுலேருந்து 9 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கு. 108-ல ஹைகிரவுண்டு திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.

[10.57] செல்வி அத்தை: ஐயோ. மூளைக்குள்ள ரத்தமா?

[11.04] தேவிகா அக்கா: உள்ள இல்ல அத்தை, வெளியில. மூளையைச் சுத்தி உறை இருக்கு. வயசானா மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் வெளி உறைக்கும் நடுவுல ஓடுற மெல்லிசு ரத்தக்குழாய் எல்லாம் இழுபட்டு நிக்கும். ஒரு சின்ன இடி போதும், ஒண்ணு கிழிஞ்சிரும். அதுவும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கன்னா கசிவு நிக்காது. வாரக்கணக்குல சேரும், அப்புறம்தான் அமுக்கும். எங்க வார்டுக்கு ‘மறதி வியாதி’ன்னே வந்து சேர்ற தாத்தாமார் எத்தனை பேர்!

[11.09] செல்வி அத்தை: ஜக்கி வாசுதேவுக்கு டெல்லி அப்பல்லோல மண்டையில ஆபரேஷன் பண்ணாங்களே, அதா?

[11.11] தேவிகா அக்கா: அதேதான். 2024 மார்ச். பல வாரத் தலைவலியோட சிவராத்திரி நிகழ்ச்சி வரைக்கும் நடத்தினாரு.

[11.16] பாலா: பிரேசில் ஜனாதிபதி லூலாவும். 2024 அக்டோபர்ல பாத்ரூம்ல விழுந்து பின்மண்டையில அடி. டிசம்பர்ல தலைவலின்னு போனா கசிவு, ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன். ரெண்டு நாள் கழிச்சு உறைக்குப் போற ரத்தக்குழாயை வேற அடைச்சிருக்காங்க. ரயில்ல இதைத்தான் படிச்சுட்டு வாறேன்.

[11.19] தேவிகா அக்கா: ஆமா, குழாய் விட்டு அந்தத் தமனியை அடைக்கிறது புதுசு. திரும்பச் சேர்றதைக் குறைக்குது. எல்லாருக்கும் தேவைப்படாது.

[11.24] மாரி மாமா: எங்க மேனேஜர் ஒருத்தர் தலைவலின்னு சொல்லிக்கிட்டே சரிஞ்சாரு. ஒருமணி நேரத்துல ஆள் இல்ல. அதுவும் இதானாம்மா?

[11.30] தேவிகா அக்கா: அனேகமா வேற மாமா. அது தமனியில பலூன் மாதிரி புடைச்சது வெடிக்கிறதா இருக்கும். வாழ்க்கையில வராத தலைவலி ஒரே நொடியில இடி மாதிரி இறங்கும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். பி.பி.யும் சிகரெட்டும் முக்கியக் காரணம். தப்பிச்சு வந்தாலும் ஓட்டையை கிளிப் போட்டோ மெல்லிசுக் கம்பிச்சுருள் (coil) வச்சோ அடைக்கணும், அப்புறம் ரெண்டு வாரம் ரத்தக்குழாய் சுருங்காம காவல் காக்கணும். பாலா, ஹெல்மெட் இல்லாம சுத்துற உனக்கு இன்னொண்ணு இருக்கு. நெத்திப்பொட்டு எலும்பு உடைஞ்சு தமனி கிழியும். எழுந்து நல்லாப் பேசிட்டு, சில மணி நேரத்துல சாயுறது அது.

[11.31] பாலா: 🙏 போடுறேன்க்கா.

[மதியம் 2.20] பிரேமா சித்தி: சேத்துட்டாவ. ராத்திரி ஆபரேஷனாம். மண்டையைப் பிளப்பாவளா தேவிகா? கையெழுத்து கேக்காவ.

[2.22] தேவிகா அக்கா: பிளக்க மாட்டாங்க சித்தி. எலும்புல ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, கழுவி வெளிய எடுப்பாங்க. பழைய ரத்தம், கருப்பாத்தான் வரும். ஒரு டியூப் ரெண்டு நாள் தொங்கும், பயப்படாதீங்க. போடுங்க கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை

[மாலை 5.40] பாலா: டியூப் எடுத்தாச்சு. அப்பா இடது காலைத் தூக்கிக் காட்டுதாங்க. நேத்து சாம்பார்ல உப்பு இல்லன்னு சத்தம்.

[5.41] செல்வி அத்தை: அப்ப சரியாயிட்டான் 😭🙏

[5.46] தேவிகா அக்கா: சந்தோஷம். ஆனா நூத்துல பத்து இருபது பேருக்குத் திரும்பச் சேரும். மறுபடி தலைவலி, தூக்கம், தடுமாற்றம்னா ராத்திரியானாலும் கூட்டிட்டுப் போகணும். ஸ்டென்ட் மாத்திரையை எப்போ ஆரம்பிக்கணும்னு இதய டாக்டரும் மூளை டாக்டரும் சேர்ந்து சொல்லணும். நீங்களா ஆரம்பிக்கவும் கூடாது, நிரந்தரமா விட்டுறவும் கூடாது.

[5.50] மாரி மாமா: ஞாயிறு சிவகாசியிலேருந்து வேன்ல வாறோம். 14 பேர்.

[5.51] தேவிகா அக்கா: வார்டுல ஒருத்தர்தான் மாமா. வீட்டுக்கு வந்த பிறகு வாங்க.

[5.53] மாரி மாமா: அட்வான்ஸ் குடுத்தாச்சேம்மா. சரி, நேரா குற்றாலத்துக்கு விட்டுருதோம்.

[5.54] செல்வி அத்தை: என் தம்பி மண்டையில ஓட்டையோட படுத்திருக்கான், இவுகளுக்கு அருவி கேக்கு.