மருத்துவ மாணவர்களுக்குக் கொசு பற்றி எவ்வளவு தெரிய வேண்டும்?

வாளிநீர்:
மொரிஷியஸில் மருத்துவ மாணவர்களின் கொசுநோய் விழிப்புணர்வை டிக் அடிக்கும் வினாத்தாளால் அளப்பது வீண். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். எந்த ஏடிஸ்? பாடநூலைப் பார்த்து, அதில் ஈஜிப்டை என்ற இனம் என்பார்கள். இந்தத் தீவில் பரப்புவது அல்போபிக்டஸ் என்ற இனம். அது தோட்டத்துக் கொசு. மூங்கில் கணு, மரப்பொந்து, பூந்தொட்டித் தட்டு, டயர் எங்கும் முட்டையிடும். வீட்டுக்குள் மட்டும் தேடச் சொல்லிக்கொடுத்தால் பாதி இடம் தப்பிவிடும்.

காய்ச்சல்வார்டு:
மாணவர் பூச்சியியல் நிபுணர் ஆகப் போவதில்லை ஐயா. உயிர் போவது வார்டில். டெங்குவில் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கசியும். வீட்டார் "தேறிவிட்டார்" என்று நிம்மதி அடையும் நேரம் அது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏற ஏற, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரசரவென்று இறங்குவது: இவற்றை அந்த நாள்களில் பார்க்கத் தெரியாதவருக்கு மூங்கில் கணு எதற்கு? 6ஆம் நாளில் என்எஸ்1 (ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை) மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. 5ஆம் நாளுக்குப் பின் ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்க்க வேண்டும். மூட்டுவலி என்றதும் சிக்குன்குனியா என்று முடிவுகட்டி, ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய வலிமாத்திரை இபுப்ரோஃபென் எழுதுவது அதைவிட மோசம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்தான், பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகாமல்.

வாளிநீர்:
இதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி வீட்டுக்குப் போகும்போது டாக்டர் என்ன சொல்வார்? "தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்." போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒருமுறை பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால்தான் அந்த வாரக்கணக்கு. இன்னொன்று: இந்தக் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சலின் முதல் 5 நாள் நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வைத்தால் அக்கம்பக்கத்துக்குப் பரவுவது குறையும். இதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

கடைசிவருடம்:
இருவரும் மலேரியாவை விட்டுவிட்டீர்கள். 1973இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். 1975 ஜெர்வேஸ் புயலுக்குப் பிறகு திரும்ப வந்தது. தட்டையான கான்கிரீட் கூரைகளில் தேங்கிய நீரில், மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசு பெருகியது. அந்தக் கொசு இன்னும் இங்கேதான் இருக்கிறது. மடகாஸ்கர் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ரத்தப்பூச்சு (கண்ணாடியில் தடவிய ரத்தத்தில் மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் தேடுவது) எடுக்க வேண்டும். ஒன்று நெகட்டிவ் வந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி. "எங்கே போய்வந்தீர்கள்?" என்று எத்தனை மாணவர் கேட்கிறார்கள்?

காய்ச்சல்வார்டு:
பயணக் கேள்வியை முதல் வரியிலேயே சேர்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். வலை விஷயத்தையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதலாம். ஆனால் தோட்டம் சுற்றிப் பார்க்க வார்டு நேரத்தை வெட்டக்கூடாது.

வாளிநீர்:
வெட்ட வேண்டாம். சமூக மருத்துவப் பாடத்தில் ஒரு முற்பகல் போதும். கையில் டார்ச்சும் வெள்ளைத் தட்டும், புழுவைக் கண்ணால் பார்க்க.