பழைய சன் பெட்டியில் டிஸ்க்கும் டேப்பும் மாட்டிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சன் நிறுவனத்தின் பழைய கணினியான ஸ்பார்க்ஸ்டேஷன் 2 ஒன்று கைக்கு வந்தது. உள்ளே சன்ஓஎஸ் 4.1.3 என்ற யூனிக்ஸ் இயங்குதளம். வெளியே ஒரு ஸ்கஸி (SCSI, சாதனங்களை வரிசையாகக் கோக்கும் இணைப்பு முறை) டிஸ்க்கும், பழைய பேக்கப்புகளைப் படிக்க ஒரு க்யூஐசி-150 (கார்ட்ரிட்ஜ் வகை) டேப் டிரைவும் மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். அரை நாள் வேலை என்று நினைத்தது நான்கு வார இறுதிகளைத் தின்றுவிட்டது.

முதலில் ஐடி. பஸ்ஸில், அதாவது எல்லாச் சாதனங்களும் பகிரும் அந்த ஸ்கஸி இணைப்பில், 0 முதல் 7 வரை எட்டு ஐடிகள், அதில் 7 கம்ப்யூட்டருக்கே. காலியாக இருந்த 0-ஐப் புது டிஸ்க்குக்குக் கொடுத்தேன். அது எஸ்டி0 (sd0) என்ற பெயரில் வரும் என்பது என் கணக்கு. ஆனால் அந்தக் காலத்து சன் பெட்டிகளில் டார்கெட் 3, அதாவது ஐடி 3-தான் எஸ்டி0, டார்கெட் 0 எஸ்டி3. தெரியாமல் ஃபார்மட் நிரலில் எஸ்டி0-ஐத் தேர்ந்தெடுத்து லேபிள் எழுதவும் கிளம்பிவிட்டேன். இந்த டிஸ்க்கில் மவுண்ட் ஆன பார்ட்டிஷன்கள் இருக்கின்றன என்று அது எச்சரிக்காவிட்டால் சிஸ்டமே போயிருக்கும்.

அடுத்தது டெர்மினேட்டர், பஸ்ஸின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்கள். டிஸ்க் தனியாக இருந்தால் ஒழுங்காக ஓடும். அதன் பின்னால் டேப்பைக் கோத்தால் போச்சு, ஓயாமல் பஸ் ரீசெட். கேபிளை மாற்றினேன், டேப் டிரைவைத் திட்டினேன். கடைசியில் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் போர்டில் மூன்று குட்டி ரெசிஸ்டர் பேக்குகள் அப்படியே இருந்தன. பஸ்ஸின் இரு முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டெர்மினேஷன் நட்டநடுவிலும் இருந்திருக்கிறது. அவற்றைப் பிடுங்கிவிட்டு டேப் பெட்டியின் பின்னால் ஒரு டெர்மினேட்டரைச் சொருகினேன். பூட் ஆவதற்கு முன் வரும் ஓகே ப்ராம்ப்ட்டில், சாதனங்களைத் தேடும் ப்ரோப்-ஸ்கஸி கட்டளையை அடித்தால் எல்லாரும் ஆஜர். டேப்புக்கு ஐடி 4, எனவே அதன் பெயரும் எஸ்டி0, ஆனால் எழுத்து வேறு: டேப்பின் பெயர் st, டிஸ்க்கின் பெயர் sd. ஆங்கிலத்தில் வேறு எழுத்துகள், தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள்.

இன்னும் டேப் எதையும் உள்ளே போடவில்லை. போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

* * *

இருக்கிறது. டிரைவின் வாயைத் திறந்து, டேப்பைச் சுழற்றும் ரப்பர் ரோலரை விரலால் தொட்டுப் பாருங்கள். பழைய க்யூஐசி டிரைவுகளில் அந்த ரப்பர் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும். அதோடு போட்டால் டேப்பும் நாசம், டிரைவும் நாசம்.

அப்புறம் என் கதை. பேக்கப் எடுக்கத் தொடங்கிய புதிதில் ரூட், யூஎஸ்ஆர், ஹோம் மூன்றையும் ஒரே டேப்பில் வரிசையாக டம்ப் (பேக்கப் எடுக்கும் கட்டளை) செய்தேன். மூன்றுமே பிழையில்லாமல் முடிந்தன. மாதங்கள் கழித்து ரூட்டை மீட்கப் போனால் டேப்பின் தொடக்கத்திலேயே ஹோம் உட்கார்ந்திருக்கிறது. நான் பயன்படுத்தியது ரிவைண்ட் டிவைஸ். ஒவ்வொரு டம்ப் முடிந்ததும் டேப் சமர்த்தாகத் தொடக்கத்துக்குத் திரும்பி, அடுத்ததை முந்தையதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. பெயரின் முன்னால் ஒரு 'என்' சேர்த்து நோ-ரிவைண்ட் டிவைஸுக்கு எழுதியிருந்தால் மூன்றும் பிழைத்திருக்கும். அந்த ஒற்றை எழுத்தை இன்றும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.

* * *

டேப் நன்றாக ஓடியும், கோப்புகளைப் பிரித்தெடுக்கும் டார் (tar) கட்டளை மட்டும் செக்சம் (சரிபார்ப்புக் கூட்டு) பிழை என்று முரண்டு பிடித்தால் டிரைவைச் சந்தேகப்படாதீர்கள். எனக்கு வந்த டேப் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினி ஒன்றில் எழுதப்பட்டது. அங்கே வழக்கமான டேப் டிவைஸ் பைட்டுகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றி எழுதும். 'யூ-என்-ஐ-எக்ஸ்' என்பது 'என்-யூ-எக்ஸ்-ஐ' ஆகிவிடும். தரவை நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையில் பைட் ஜோடிகளை இடம் மாற்றும் ஸ்வாப் (swab) மாற்றத்தைக் கொடுத்து, வருவதை டாருக்குள் பைப் செய்தேன். கோப்புகள் மளமளவென்று இறங்கின.

* * *

நான் சுழலும் டிஸ்க்குகளையே விட்டுவிட்டேன். எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க் போலக் காட்டும் போர்டுதான் இப்போது. ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து பூட் ப்ராம்கள் (கணினியைத் தொடக்கும் நிரல் உள்ள சிப்கள்) ஆறு பைட் ரீட் கட்டளையை நம்பியவை. அதில் பிளாக் எண்ணுக்கு 21 பிட்தான். பிளாக்குக்கு 512 பைட் என்றால் 1 ஜிபியோடு எல்லை முடிந்தது. ரூட் பார்ட்டிஷனை அதற்குள் அடக்குங்கள்.

வெளிப்பெட்டி வாங்கினால் டிஃபரென்ஷியலா (சிக்னலுக்கு இரு கம்பிகள்), சாதாரண சிங்கிள்-எண்டடா (ஒரே கம்பி) என்று பின்பக்கக் குறியைப் பாருங்கள். கனெக்டர் ஒரே மாதிரி இருக்கும். பழைய உயர்மின்னழுத்த டிஃபரென்ஷியலைச் சாதாரண பஸ்ஸில் சொருகினால் சிப் கருகலாம்.

* * *

முதலில் எழுதியவன்தான். ரோலரைத் தொட்டேன், விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது! சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, அளவுக்கேற்ற சிலிக்கான் குழாயை வெட்டி மாட்டினேன். எழுதாத டேப் ஒன்றைப் போட்டு ஒருமுறை ரீடென்ஷன் (டேப்பை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தைச் சீராக்குவது) ஓட்டினேன், சத்தம் சீராக இருந்தது. பிறகு பேக்கப் டேப்புகள் நான்கு. மூன்று முழுதாகப் படித்தன. நான்காவதில் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் இழுவைப் பட்டை ஓட்டிய சில நொடிகளிலேயே அறுந்துவிட்டது. வேறொரு கார்ட்ரிட்ஜிலிருந்து பட்டையை எடுத்து மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.