ஒட்டுத்தாள் ஒட்டிய சட்டையில் என்ன வெறுப்பு?

கரிசல்காரன்:

நேற்று பாஸ்டன் தமிழர் குழு ஒன்றில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "மிடில்பரோ சட்டை வழக்கில் பள்ளிக்கூடம் செய்தது சரி என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புக் கொடுத்துவிட்டது, இனிப் பேச ஒன்றும் இல்லை." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிடில்பரோ, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஊர். 2023 மார்ச்சில் அங்கே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் "பாலினம் இரண்டே இரண்டுதான்" என்று எழுதிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனான். வகுப்பிலிருந்து வெளியே அழைத்து, சட்டையை மாற்று என்றார்கள். மாட்டேன் என்றான். அப்பா வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். மே மாதம் அதே வாசகத்தில் "இரண்டே இரண்டு" என்பதன் மேல் ஒரு தாளை ஒட்டி, அதில் "சென்சார் செய்யப்பட்டது" என்று எழுதிப் போட்டு வந்தான். அதற்கும் தடை. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றான். 2024 ஜூனில் முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மனுவை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. மறுத்தது, அவ்வளவுதான். தீர்ப்பு எதுவும் கொடுக்கவில்லை. நீதிபதிகள் அலிட்டோவும் தாமஸும் எடுத்திருக்க வேண்டும் என்று எதிர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

முதல் சட்டையை விட்டுவிடுகிறேன். என் கேள்வி இரண்டாவது சட்டையைப் பற்றி. கருத்து இருந்த இடத்தில் தாள் ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டுத்தாளில் என்ன வெறுப்பு இருந்தது?

பொன்னி:

அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். "தீர்ப்பு" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பெரிய பதிவா? ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் கை தூக்கினால் வழக்கை எடுத்திருப்பார்கள். தூக்கவில்லை. பள்ளியின் தடை நிற்கிறது. மாசசூசெட்ஸில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒட்டுத்தாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பத்திரிகையில் கெட்ட வார்த்தைக்குப் பதிலாக மூன்று புள்ளி வைத்தால் உங்களுக்குப் படிக்க வராதா? புள்ளியைத்தான் முதலில் படிப்பீர்கள். முதல் சட்டை செய்தியாகி ஊரே பேசிய பிறகு ஒட்டிய தாள் அது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பிள்ளைகூட அந்தப் பள்ளியில் இருந்திருக்காது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையேதான் சொன்னது.

கரிசல்காரன்:

அம்மணி, மூன்று புள்ளிக்கு எந்த நாட்டில் தண்டனை உண்டு? பையன் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டு வந்தான், கட்டியதும் குற்றம் என்றார்கள். உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லையா?

இளங்கோ:

சட்டம் படிக்கும் மாணவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். அமெரிக்கப் பள்ளிகளில் கருத்து சுதந்திரம் பற்றிய எல்லா வழக்கும் உச்ச நீதிமன்றத்தின் 1969 டிங்கர் தீர்ப்பில்தான் தொடங்கும். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை கட்டி வந்த பிள்ளைகள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் பிள்ளைகள் வென்றார்கள். எல்லோரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே தீர்ப்பில் இரண்டு விலக்குகள் இருக்கின்றன. ஒன்று, பள்ளியின் வேலைக்குக் கணிசமான இடையூறு. இரண்டு, பிற மாணவர்களின் உரிமையில் குறுக்கிடுவது. மிடில்பரோவில் மாவட்ட நீதிபதி இந்திரா தல்வானி இரண்டாவதைப் பிடித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாவதைப் பிடித்தது. ஆக இரண்டு நீதிமன்றங்களும் முடிவில் ஒன்றுபட்டாலும் காரணத்தில் ஒன்றுபடவில்லை.

இன்னொன்று. இந்தச் சட்டையின் வாசகம் திருநர் மாணவர்களையும் தம்மை ஆண், பெண் என்று அடையாளப்படுத்தாதவர்களையும் பற்றியது. தன்பாலீர்ப்பாளர் வேறு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாமல் முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம், "வெறுப்பு" என்றால் என்ன என்று வரையறுத்துக்கொள்ளலாமா?

தென்னவன்:

வரையறை இருக்கட்டும். "கருத்துச் சுதந்திரம்". ச் வரும். சட்டம் படிப்பவர் சந்தியையும் கொஞ்சம் படிக்கலாம்.

சும்மாதான்:

வந்துவிட்டார். போன பொங்கலுக்கு "வாழ்த்துகளா வாழ்த்துக்களா" என்று இந்தக் குழுவை இரண்டாக உடைத்த புண்ணியவான்.

தென்னவன்:

"வாழ்த்துகள்"தான் சரி. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

கரிசல்காரன்:

இளங்கோ தம்பி, இடையூறு என்றீர்களே, எங்கே நடந்தது? அந்தச் சட்டையால் வகுப்பில் ஒரு கைகலப்பு உண்டா? ஒரு பெஞ்சு உடைந்ததா? நடக்கவில்லை, நடக்கும் என்று பள்ளி ஜோசியம் பார்த்தது. நீதிமன்றம் அந்த ஜோசியத்துக்கு முத்திரை குத்தியது.

இல்லினாயைப் பாருங்கள். நேப்பர்வில்லில் ஒரு மாணவி, "gay" என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளை வைத்து வார்த்தை விளையாட்டாக, தன்பாலீர்ப்பாளராக இருக்காதே, மகிழ்ச்சியாக இரு என்ற பொருளில் சட்டை போட்டாள். நீதிபதி போஸ்னர் 2011-இல் அவள் பக்கம்தான் தீர்ப்பு எழுதினார். அதே நாடு, அதே அரசியல் சட்டம். சிகாகோ பக்கம் பிறந்தால் உரிமை உண்டு, பாஸ்டன் பக்கம் பிறந்தால் கிடையாதா?

பொன்னி:

அந்த மாணவிக்கு எவ்வளவு இழப்பீடு கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அவருக்கும் கூட வழக்காடிய இன்னொரு மாணவருக்கும் ஆளுக்கு 25 டாலர்.

கரிசல்காரன்:

25 டாலருக்கு நான்கு மசால் தோசை வராது என்பது எனக்கும் தெரியும். உரிமைக்கு விலை போடவா இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

சும்மாதான்:

நான்கா? எங்கள் ஊரில் 25 டாலருக்கு ஒன்றரைத் தோசைதான். சட்னி தனிக் கணக்கு.

செல்வி:

நியூஜெர்சியில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. மதிய உணவு மணி அடித்தால் எல்லோரும் உணவுக்கூடத்துக்கு ஓடுவார்கள், அந்தப் பிள்ளை என் அறைக்கு வரும். வெள்ளித்தாளில் சுற்றிய ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு, மீதியை அப்படியே மடித்துப் பைக்குள் வைக்கும். பிறகு, "டீச்சர், போர்டைத் துடைக்கட்டுமா?" என்று கேட்கும். போர்டு சுத்தமாகத்தான் இருக்கும். நான் துடை என்பேன். இருபது நிமிடம், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எட்டு மாதமாக இது நடக்கிறது. யாரும் அடிக்கவில்லை, பெஞ்சு எதுவும் உடையவில்லை, கரிசல் ஐயா. நீங்கள் கேட்கிற மாதிரி இடையூறு ஒன்றும் இல்லை.

மிடில்பரோ பள்ளியில் தற்கொலை எண்ணத்தோடு இருந்த, முயன்றும் பார்த்த பிள்ளைகள் இருந்ததை நிர்வாகம் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. தெரிந்தே ஒரு பள்ளி என்ன செய்திருக்க வேண்டும்? விஸ்கான்சின் ஆஷ்லண்டில் ஒரு மாணவனை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள், நிர்வாகம் கைகட்டி நின்றது. 1996-இல் நபோஸ்னி வழக்கில் தோற்று 9 லட்சம் டாலர் அளவுக்குக் கட்டினார்கள். காக்காவிட்டாலும் வழக்கு, காத்தாலும் வழக்கு.

கரிசல்காரன்:

செல்வி அம்மா, அந்தப் பிள்ளைக்காக எனக்கும் மனம் வலிக்கிறது. ஆனால் நபோஸ்னி வழக்கில் நடந்தது அடி, உதை. அடித்தவனைத் தண்டியுங்கள், நானும் கூட வருகிறேன். சட்டை அடிக்கவில்லை. ஒட்டுத்தாள் நிச்சயமாக அடிக்கவில்லை.

நானும் ஒரு கதை சொல்கிறேன். 1988 செப்டம்பர் 17, சனிக்கிழமை. பெரியார் பிறந்தநாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமைத் தனி வகுப்புக்குச் சீருடை கிடையாது. கறுப்புச் சட்டை போட்டுப் போனேன். தலைமை ஆசிரியர் முற்றத்தில் நிறுத்தி, "கழற்றித் திருப்பிப் போடு" என்றார். திருப்பிப் போட்டேன். மூன்று மணி நேரம், தையல் பிசிறு வெளியே தெரிய, டெய்லர் கடைச் சீட்டு கழுத்தில் ஆட, கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பையன் அந்தச் சீட்டைச் சுண்டிச் சுண்டி விளையாடினான். அன்றைக்கும் காரணம் இதேதான்: "மற்றப் பிள்ளைகள் மனம் புண்படும்."

பொன்னி:

உங்கள் கறுப்புச் சட்டை பக்கத்துப் பையனைப் பார்த்து "நீ என்று ஒருவன் கிடையாது" என்று சொன்னதா? இந்தச் சட்டை சொன்னது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தென்னவன்:

போன வருடம் இதே கதையில் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள்.

கரிசல்காரன்:

ஒன்பதுதான். அதுவும் இருக்கட்டும். பெரியார் பெயரைக் கேட்டாலே தன் சாமி இல்லை என்று ஆகிவிட்டதாக அழுதவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். யார் மனம் புண்படுகிறது என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்யும் நாளில் எல்லாச் சட்டையும் திரும்பித்தான் போகும்.

ஃபுளோரிடாவில் 2007-08-இல் என்ன நடந்தது? ஹோம்ஸ் கவுண்டியில் ஒரு தலைமை ஆசிரியர் வானவில் படத்தையே தடை செய்தார். தன்பாலீர்ப்புள்ள தோழிக்கு ஆதரவாக மாணவர்கள் போட்ட வாசகங்களுக்கும் தடை. மாணவி வழக்குப் போட்டார், நீதிபதி ஸ்மோக் மாணவி பக்கம் நின்றார். எந்த டிங்கர் அந்த மாணவியைக் காப்பாற்றியதோ, அதையே நீங்கள் மிடில்பரோவில் ஓட்டை போடுகிறீர்கள். "பள்ளிச் சூழலை நஞ்சாக்கும்" என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த, நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அளவுகோல் நாளைக்கு அந்தத் தலைமை ஆசிரியர் கைக்குப் போனால் முதலில் கழற்றப்படுவது யாருடைய சட்டை?

இளங்கோ:

அந்த அளவுகோல் அப்படித் திறந்த மடம் இல்லை, ஐயா. மாற்ற முடியாத, அல்லது ஆழ வேரூன்றிய அடையாளத்தை இழிவாக்கும் வாசகமா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கடுமையான மனப் பாதிப்பு வந்து, மதிப்பெண் சரிவு, பள்ளிக்கு வராமை போன்றவை நேரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமா என்பதையும் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டும். இதில் பாதி நீங்கள் கொண்டாடும் போஸ்னர் முந்தைய தீர்ப்பில் எழுதியதிலிருந்து வந்தது.

கரிசல்காரன்:

வானவில்லைத் தடை செய்தவரும் "நியாயமாக எதிர்பார்க்கிறேன்" என்றுதான் சொன்னார்.

பொன்னி:

நீங்கள் சாட்சிக்கு அழைத்த தாமஸ் யார் தெரியுமா? 2007-இல் மோர்ஸ் என்ற இன்னொரு மாணவர் பேச்சுரிமை வழக்கில், டிங்கர் தீர்ப்புக்கு அரசியல் சட்டத்தில் அடிப்படையே இல்லை என்று எழுதியவர். மாணவர்களுக்குப் பள்ளியில் பேச்சுரிமையே கிடையாது என்பது அவர் கட்சி. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கருத்துச் சுதந்திரம் பேசுகிறீர்கள். ஒற்று போட்டுவிட்டேன், தென்னவன்.

தென்னவன்:

நன்றி. ஆனால் "ஒற்று போட்டு" அல்ல, "ஒற்றுப் போட்டு".

கரிசல்காரன்:

தாமஸ் என்ன சொன்னாலும் டிங்கர் இருக்கும்வரை அதை ஒழுங்காகப் பின்பற்று என்கிறார். அது நேர்மை. அலிட்டோவின் கேள்விக்கு உங்களிடம் பதில் உண்டா? பள்ளி தன் சுவரில் ஒரு கருத்தைச் சொல்லலாம், பிள்ளைகளையும் அதைச் சொல்ல ஊக்குவிக்கலாம், மறுத்துச் சொல்ல ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அனுமதி இல்லை. ஒரு பக்கம் மட்டும் பேசும் பட்டிமன்றத்தை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

செல்வி:

பட்டிமன்றத்தில் "இவள் இருக்கிறாளா இல்லையா" என்று தலைப்பு வைத்து, அவளையே முதல் வரிசையில் உட்கார வைப்பதையும் நான் பார்த்ததில்லை.

சும்மாதான்:

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்பெழுதும் முன், தனக்கே விஷயம் தெரியவில்லை என்று உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். இந்த இழையில் யாராவது போவதாக உண்டா? வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.

கரிசல்காரன்:

நம் ஊர் வழக்கை இழுக்காதீர்கள். அது காவல்துறை இரண்டு பெண்களைத் தொந்தரவு செய்யாமல் தடுக்க வந்த வழக்கு. அதில் அந்த நீதிபதி பக்கம்தான் நானும். சட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நெறியாளர்:

தோசை விலை பற்றிய பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். "வாழ்த்துகள்" இழை ஏற்கெனவே பூட்டப்பட்டது, அதை இங்கே திறக்க வேண்டாம்.

பொன்னி:

பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது. இந்த இழையில் இனி எழுதுவதாக இல்லை.

கரிசல்காரன்:

பதில் இல்லாதபோது எல்லோருக்கும் நீச்சல் வகுப்பு வந்துவிடும். மறுபடி கேட்கிறேன், ஆறாவது முறை. ஒட்டுத்தாளில் என்ன வெறுப்பு?

பொன்னி:

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று புள்ளி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

தென்னவன்:

ஒரு திருத்தம். காலையிலிருந்து எல்லோரும் "ஒட்டுத்தாள்" என்றே எழுதுகிறீர்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பையன் ஒட்டியது தாள் அல்ல, ஒட்டுநாடா. அதன்மேல்தான் எழுதியிருந்தான்.

பொன்னி:

கரிசல் ஐயா, தீர்ப்பைப் படிக்காமலா இவ்வளவும்?

கரிசல்காரன்:

உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்துவிட்டது என்று எழுதியவர் என்னைக் கேட்கிறார். நாடாவோ தாளோ, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சும்மாதான்:

தோசை இழையில் இட்லி விலையும் ஏறிவிட்டது. விருப்பமுள்ளவர்கள் அங்கே வரலாம்.